குளிராடை அனுப்பும் நாள்

அன்று பிற்பகல் அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். அடியில் அடுப்புப் புகை ஓடிச் சூடேறும் காங் மேடையின் சூடான முனையை, விருந்தாளி என்று, யின் சூஜென்னுக்குக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அடுத்து வீட்டுக்காரரின் மகன் எர்பாவ், மூன்று ரஜாய்ப் போர்வைகளுக்கு அடியில் முகம் மட்டும் தெரியப் படுத்திருந்தான், காய்ச்சல் என்றார்கள். அவன் கால்மாட்டில் அவன் மனைவி யூலியன், கத்தரிக்கோலும் வண்ணத் தாள்களுமாக. சுவரோரம் வீட்டுக்காரர் ஜியா மான்சாங். கீழே, கதவருகே முக்காலியில், சூஜென்னை ஏற்றிவந்த டிராக்டர்காரர் ஹோ. ஜன்னல் பக்கத்து முனையில் யாரும் இல்லை. அங்கே ஒரு பாய் விரித்து, கிண்ணமும் சாப்பிடும் குச்சிகளும் வைத்திருந்தார்கள். பாயின் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம்.

"அங்க மட்டும் உக்காராதீங்கக்கா. அது உங்க தம்பி இடம்," என்றாள் யூலியன்.

சூஜென் அப்போதுதான் தோள் பையை இறக்கி வைத்தாள். தம்பி கேஷான் இருக்கிறான். இந்தக் கூரையின் கீழ் இருக்கிறான்.

டாதோங் தபால் நிலையத்தில் இருபத்தோரு வருடமாகக் கடிதம் பிரிப்பவள் அவள். தம்பிக்கு இலையுதிர்காலம் வந்தால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. தோளில் ஒரு சாக்குப்பை, கையில் படம் வரையும் நோட்டு, மதில் சூழ்ந்த பழைய ஊர்கள், பாழான கோபுரங்கள், மலை என்று தனியாகப் போய்விடுவான். ஒவ்வோர் ஊரிலிருந்தும் வீட்டுக்கு ஒரு கடிதம் மட்டும் தவறாது. கடைசிக் கடிதம் இந்தக் குவான்கோ கிராமத்திலிருந்து. அதன் பிறகு ஒன்றும் இல்லை. சூஜென் கடிதங்களை முத்திரைத் தேதிப்படி அடுக்கினாள், பஸ் நேரங்களைத் தாளில் எழுதினாள், ஒவ்வோர் ஊராக இறங்கி விசாரித்துக்கொண்டு வந்தாள். புறப்படும்போது அம்மா சொன்னது ஒன்றுதான். "பெரும்பனி விழறதுக்குள்ள அவன வீட்டுக்கு அனுப்பிடு." அனுப்பிவிடுகிறேன் என்று இவளும் சொன்னாள். கடிதம் நின்றதிலிருந்து அம்மா கஞ்சித் தண்ணீரோடு சரி. பிள்ளை வந்தால் வாசலில் காத்திருக்கக் கூடாது என்று கதவுக்குத் தாழ் போடுவதுமில்லை.

"தபாலக்கா வழியெல்லாம் எறங்கி எறங்கி முத்திரையப் பாத்துக்கிட்டே வந்தாங்க," என்றார் ஹோ, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பியபடி. "என் டிராக்டருக்கும் ஒண்ணு குத்திடுங்கக்கா. தொலைஞ்சா தேட வசதி."

"அத எவன் திருடுவான்? தள்ளத்தான் நாலு பேர் வேணும்," என்றார் மான்சாங். ஆனால் சிரிக்கவில்லை.

அடுப்பில் நிலக்கரி செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. புகையின் கந்தக வாடையும், மூலையிலிருந்த ஜாடியின் காடி வாடையும், யூலியன் காய்ச்சிய மைதாப் பசையின் மாவு மணமும் ஒன்றாகக் கலந்து அறையில் நின்றன. கண்ணாடிக்குப் பதில் ஜன்னலில் ஒட்டியிருந்த தாளில் பனி பட்டுப் பட்டு, யாரோ விரல் நகத்தால் விட்டுவிட்டுச் சுரண்டுவதுபோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை நெருப்புக்கும் சூஜென் உட்கார்ந்திருந்த செங்கல் சூடாக இல்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கிணற்றடிக் கல் போல இருந்தது.

"கேஷான் எங்க போயிருக்கான்?"

"விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவாரு," என்றாள் யூலியன். "தெனமும் அப்பத்தான் வருவாரு."

அன்று சீனப் பஞ்சாங்கத்தின் பத்தாம் மாதத்து முதல் நாள், செத்தவர்களுக்குக் குளிராடை அனுப்பும் நாள். யூலியன் தாளில் சட்டையும் காற்சட்டையும் வெட்டி, இரண்டு தாளுக்கு நடுவில் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவர் துணியையும் ஒரு பொட்டலமாக மடித்து, மேலே பெறுபவர் பெயர், அவர் கிடக்கும் இடம், அனுப்புபவர் பெயர் எழுதி ஒட்டி, இருட்டும் நேரத்தில் நாற்சந்தியில் எரித்தால் போய்ச் சேரும். கையெழுத்து நன்றாக இருந்த சூஜென் தானே முன்வந்து மான்சாங்கின் அப்பா, அம்மா, மனைவி மூன்று பேருக்கும் எழுதிக் கொடுத்தாள். வேலை என்று ஒன்று கையில் இருந்தால் அவளுக்கு நேரம் போகும்.

பொட்டலம் மூன்று. யூலியன் நான்காவதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாள். நீலத் தாள் கோட்டு. அதற்கு மட்டும் பஞ்சு இரண்டு பங்கு. கைகள் சாதாரணக் கையைவிட நான்கு விரல் நீளம்.

கேஷானுக்குக் கடைச் சட்டை எதுவும் கை எட்டாது.

"இது யாருக்கு?"

யூலியன் தலை நிமிரவில்லை. "அளவு சரியாத்தான் எடுத்தேன்க்கா. அசையாம உக்காந்திருந்தாரு."

ஹோ விதை கொறிப்பதை நிறுத்தினார்.

மான்சாங் சொல்ல ஆரம்பித்தார். அவசரமில்லாமல், தரையைப் பார்த்தபடி. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கேஷான் காலையில் பின்மலைக் கோபுரத்தை வரையப் போனான். மத்தியானம் பனி மூடிக்கொண்டது. சாயங்காலம் வந்தான், தலையெல்லாம் பனி, குளிருது என்றான். அவன் நடுங்கியதைப் பார்த்து எர்பாவ் தன் ரஜாயில் பாதியைக் கொடுத்து ஒன்றாகப் படுத்துக்கொண்டான். விடிந்தபோது கேஷான் இல்லை. எர்பாவ் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஓர் ஆட்டுக்காரன் வந்து, வடக்குப் பள்ளத்தில் சாக்குப்பையோடு ஓர் ஆள் விழுந்து கிடப்பதைப் பார்த்தேன், பனி உருகும்வரை யாரும் அங்கே இறங்க முடியாது என்று சொன்னான். அன்றைக்குச் சாயங்காலமும் கேஷான் வந்தான்.

"செத்தது அவனுக்கே தெரியாது, பொண்ணே. நீயும் சொல்லிடாத. குளிர் ஒண்ணுதான் தெரியுது. எங்க வீட்டு ரஜாய் எதுவும் அவன் மேல நிக்கல. சொந்த ரத்தம் பேரெழுதி அனுப்புனாத்தான் நிக்கும். போட்டுக்கிட்டு, நீ எழுதுற எடத்துக்கு, அவன் விழுந்து கெடக்கற எடத்துக்குப் போயிடுவான். என் பையனும் பொழைப்பான்."

"என் தம்பி சாகல," என்றாள் சூஜென்.

பதிலுக்கு யூலியன் ரஜாயை விலக்கி எர்பாவின் கையை எடுத்து அவள் கையில் வைத்தாள். மூச்சு இருந்தது. நாடி இருந்தது. ஆனால் அந்தக் கை, குளிர்காலத்துக் குழாய்த் தண்ணீர்.

"குளிர் தெனம் கொஞ்சம் கூடுது," என்றாள் யூலியன். "ஒங்களுக்குத் தம்பின்னா எனக்கு இவருதான்க்கா."

மான்சாங் எழுந்து சாம்பல் கூடையை எடுத்துக்கொண்டார். ஹோவை விளக்குமாறோடு வரச்சொன்னார், நாற்சந்தியில் பனி விலக்கி வட்டம் போட. கதவருகில் நின்று திரும்பினார். "எடம் எழுதறப்போ பின்மலை, வடக்குப் பள்ளம்னு எழுது. மறக்காத."

ஜன்னல் தாள் சாம்பல் நிறமானது. யூலியன் விளக்கை ஏற்றினாள். ஒரு கிண்ணம் தினைக் கஞ்சியை ஆவி பறக்கக் கொண்டுபோய் அந்தப் பாயில் வைத்துவிட்டு, புருஷனை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

கஞ்சியின் ஆவி சட்டென்று நின்றது. கிண்ணத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, மெல்ல, வெள்ளையாக ஏடு கட்டியது. உறைந்தது. அப்புறம்தான் கிண்ணத்தைப் பிடித்திருந்த கைகள் தெரிந்தன. கை எட்டாத சட்டை. மணிக்கட்டு. ஒரு பக்கத்துக் காதில் உருகாத பனி.

"அக்கா," என்றான் கேஷான். குரல் அவன் குரல்தான். "எப்ப வந்த?"

"மத்தியானம்." அவள் குரல்தான் வேறு யாருடையதோ போல இருந்தது.

"குளிருதுக்கா."

"ம்."

"வீட்டுக்குப் போலாமா? வழி தெரிய மாட்டேங்குது. எங்க சுத்துனாலும் இங்கயே வந்து நிக்குது." சின்ன வயதில் ஜுரத்தில் கேட்பது போலக் கேட்டான். "அம்மா கதவத் தாழ் போடாமத்தான வச்சிருக்காங்க?"

சூஜென் நீலக் கோட்டை மடித்தாள். மூலை சேர்த்து, மடிப்பை நகத்தால் நீவினாள். பேனாவை எடுத்தாள். பெறுபவர், யின் கேஷான். எழுதியதும் எழுத்து நனைந்தது. தன் கண்ணீர் என்று அப்புறம்தான் தெரிந்தது. அனுப்புபவர், அக்கா யின் சூஜென்.

இடம்.

இருபத்தோரு வருடத்தில் எத்தனை பார்த்திருக்கிறாள். மலையடிவாரம், ஆற்றங்கரை, பெரிய மரத்துக்குக் கிழக்கே. தெரு இல்லை, எண் இல்லை. அவையெல்லாம் போய்ச் சேராத கடிதங்கள். தம்பியைப் பள்ளம் என்று எழுதி அனுப்ப அவளுக்குக் கை வரவில்லை. தனியாக, பனிக்கு அடியில், பெயரில்லாத ஒரு குழியில். அனுப்பிடு என்றாளே அம்மா. அவள் ஒவ்வோர் எழுத்தாக, திருத்தமாக எழுதினாள். டாதோங் நகரம், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு, நான்காம் கட்டடம், மூன்றாம் மாடி, இடது கதவு.

பசை தடவினாள். ஒட்டினாள். யூலியனுக்கு வாசிக்கத் தெரியாது.

நாற்சந்தியில் மான்சாங் சாம்பலால் வட்டம் போட்டு, மலைப் பக்கம் மட்டும் வாசல் விட்டிருந்தார். மற்ற மூன்று பொட்டலமும் எரிந்து முடிந்திருந்தன. சூஜென் நான்காவதை நெருப்பில் வைத்தாள். தாள் கருகும் வாடை. பஞ்சு தீயும் வாடை. அவள் தோளுக்குப் பின்னால் குளிர் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தாள். கேஷான் மேல் நீலக் கோட்டு இருந்தது. கை எட்டியிருந்தது. அவன் சிரித்தான்.

"போ, மகனே," என்றார் மான்சாங், வட்டத்தின் வாசலைக் காட்டி.

கேஷான் அந்தப் பக்கம் போகவில்லை. மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். நகரத்துச் சாலை.

மான்சாங் அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து நெருப்பைப் பார்த்தார். பொட்டலத்தின் மேல்தாள் இன்னும் எரியவில்லை. உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசித்தார்.

"நாலாம் கட்டடம்... மூணாம் மாடி." நிமிர்ந்தார். "என்ன காரியம் பண்ண பொண்ணே. அவன் குளிரும் கூடவே போகுமே. அங்க யாரு இருக்கா?"

"அம்மா."

"கூட?"

"யாருமில்ல. அம்மா மட்டும்தான்."

அவர் கிளறும் குச்சியை நெருப்புக்குள் விட்டுப் பொட்டலத்தை இழுத்தார். அது பிரிந்துகொண்டு வந்தது. அப்போது வீட்டிலிருந்து யூலியனின் குரல், அழுகையும் சிரிப்புமாக. "மாமா, இங்க வாங்க. அவருக்கு வேர்க்குது மாமா. கை சூடா இருக்கு. கண்ணத் தொறந்துட்டாரு."

சூஜென் இரண்டு கையையும் நெருப்புக்குள் விட்டாள். சாம்பல்தான் வந்தது. இந்த ஊரில் தொலைபேசி கிடையாது. பஸ் காலையில்தான். டிராக்டரைக் கிளப்ப ஹோ ஓடினார். அது இருமிவிட்டு அடங்கியது. மறுபடி இருமியது. அடங்கியது.

தாளின் கடைசி மூலை சுருண்டது. இடது கதவு என்ற எழுத்துகள் சிவந்தன. போயின.

சாலையில் முப்பதடி தூரத்தில் கேஷான் நின்றான். எதிரில் ஒன்றுமில்லை. பனி மட்டும். அவன் விரலை மடக்கி அந்த வெற்று இருட்டைத் தட்டினான். மூன்று தடவை.

கதவு இடுக்கு வெளிச்சம்போல இருட்டில் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. அகன்றது.

உள்ளிருந்து ஒரு வயதான கை நீண்டு வந்தது. நீலக் கையைப் பிடித்தது. தடவிப் பார்த்தது. குளிரில் வந்த பிள்ளையை இழுப்பதுபோல, ஆசையாக, உள்ளே இழுத்துக்கொண்டது.