சிறுநீரகம் தர வந்த தம்பி

செவ்வாயின் நாலாவது குமிழ்க் குடியிருப்பில், பாக்கியமுத்து வழக்கம்போல் காலைக் காபியை முடித்துவிட்டுச் சுவரில் பிளக்கைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். சுவருக்குள் இருந்த ரத்தக்கழுவி அவருடைய ரத்தத்தை அலசித் திருப்பி அனுப்பியது. இதை நம்பி இந்த வருஷம் தாண்டாது, சிறுநீரகம் மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். செயற்கைச் சிறுநீரகம் பூமியிலிருந்து வர வேண்டும். கப்பல் வந்து சேர்வதற்குள் மனிதருக்குத் தலைத்திவசமே முடிந்துவிடும். கூடப் பிறந்தவர்களோ, விஷயம் தெரிந்த நாளிலிருந்து போனையே எடுப்பதில்லை.

“நான் தாரேன் முதலாளி,” என்றான் வீட்டு வேலைக்காரன் மாசானம்.

மாசானம் ஒரு சதைப்பொறி. இரும்பு எலும்பு, ஆய்வகத்தில் வளர்த்த சதை, உள்ளே நிஜச் சிறுநீரகம் இரண்டு. சோதித்துப் பார்த்ததில் கனகச்சிதமாகப் பொருந்தியது. பாக்கியமுத்துவின் மனைவி ராசகனி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

உறுப்பு அனுமதிக் குழுவின் அதிகாரி அம்மாள் மட்டும் மசியவில்லை. “நெருங்கின சொந்தந்தான் குடுக்கலாம். வேலைக்காரனை நீங்க மிரட்டிக் கூட்டிட்டு வந்தீங்களோ என்னவோ, யாரு கண்டா?”

“அப்ப அவனை இவுகளுக்குத் தம்பியா ஆக்கிட்டா?” என்றாள் ராசகனி.

அதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. உறவேற்றம் என்று பெயர். பூமியின் லட்சக்கணக்கான அசல் தம்பிகளைக் கவனித்துத் தயாரித்த தகடு ஒன்றைப் பிடரியில் செருகிவிட்டால், சதைப்பொறி தம்பியாகிவிடும். திரும்பக் கழற்ற முடியாது; உறவென்றால் அப்படித்தானே. அதிகாரியின் கண் முன்னாலேயே செருகினார்கள்.

“மாசானம், சிறுநீரகம் தர சம்மதந்தானே?” என்று கேட்டார் அதிகாரி.

மாசானம் பிடரியைத் தடவிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“தரமாட்டேன்னு சொல்லல அண்ணே. ஒங்களுக்கு இல்லாததா? ஆனா நாளைக்கு எனக்கும் ஒரு பொண்ணு பாக்கணும்லா? ஒத்தக் கிட்னிக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

பாக்கியமுத்து பதறியடித்து எழுந்தார். “ஏலேய், காலையிலகூடத் தாரேன் தாரேன்னு துடிச்சியேல!”

“அப்ப நான் வேலைக்காரன்லா! இந்த ஆடி போவட்டும், பேசிக்கிடுவோம். வாரேன் மதினி.” போய்விட்டான்.

ராசகனி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி அம்மாளுக்கு முகமெல்லாம் திருப்தி. அனுமதி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

“இனி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைங்க. சொந்தத் தம்பியேதான்.”