மால்டாவிலிருந்து வந்த கைக்கடிகாரம்

"செத்தவரோட கைக்கடிகாரம் ஓடறது சார்," என்றாள் அனந்தலக்ஷ்மி.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பூதலிங்கம் அவளை உட்காரச் சொன்னார். அவர் மைத்துனன் கோலப்பன், துப்பு என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிற ஆசாமி, நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவள் கணவன் ஸ்ரீகண்டன் கப்பல் கம்பெனி குமாஸ்தாவாக மால்டா தீவுக்குப் போனவன். இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. இவளோ சளைக்காமல் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்தாள். இன்று காலை வெங்கடகிருஷ்ணன் என்று ஒருவன் ஸ்ரீவராகத்தில் இவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கரமனைக்காரன்; மால்டாவில் கூட வேலை பார்த்தவனாம். ஸ்ரீகண்டன் காய்ச்சலில் போய்விட்டான், நானே கொள்ளி வைத்தேன் என்று சொல்லி, அரக்கு வைத்த பொட்டலம் ஒன்றைக் கொடுத்தான். சாவு நடந்த அன்று கட்டியதாம்; மூன்று மாதமாகப் பிரிக்கவே இல்லையாம்.

"பிரிச்சா உள்ளே டிக் டிக்னு சத்தம். ஆவி வந்திருக்குன்னு மாமியார் அலறறார். நாளன்னிக்கு நாவிதனை வரச் சொல்லியாச்சு. தாலியும் போயிடும், தலைமயிரும் போயிடும். எனக்கு இருபத்தாறு வயசு சார், பயமா இருக்கு." இரண்டு கையாலும் கூந்தலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சாவி கொடுத்தீங்களா?"

"தொடவே நடுங்கறது."

அப்போது கோட்டைக்குள் மேத்தன் மணி என்கிற பெரிய கடிகாரம் நாலு அடித்தது. அவள் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த கைக்கடிகாரத்தைப் பூதலிங்கம் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் கூட காட்டுதே."

"அவர் எப்பவும் அப்படித்தான் வைப்பார். ஆபீசுக்கு லேட்டாகப்படாதுன்னு."

பூதலிங்கம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வெங்கடகிருஷ்ணன் அவள் வீட்டுக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். "மால்டா எப்படி இருக்கும் சாமி?" என்று கேட்டார் பூதலிங்கம்.

"மஞ்சக் கல்லுல வீடு. படகு மூக்குல கண்ணு எழுதியிருப்பா."

"அஸ்தி?"

"சாஸ்திரப்படி ஆத்துல கரைச்சேன். இடுப்பளவு ஜலத்துல நின்னு."

மாமியார் விம்மினாள். "எல்லாம் சரியாத்தானே சொல்லுதாரு?" என்று முணுமுணுத்தான் கோலப்பன்.

"படகு சரி. ஆறுதான் இல்ல," என்றார் பூதலிங்கம். " போலீசுல சேருமுன்ன நான் கப்பல்ல இருந்தேன், கேட்டேளா. அங்க கப்பல் பழுதாகி நின்னப்ப நான் சுத்தாத மூலை இல்ல. வெறும் பாறை. மழைத் தண்ணியைத் தொட்டியில பிடிச்சுக் குடிக்குத ஊரு. கரமனை ஆத்துல குளிச்சு வளந்த சாமிக்கு ஆறில்லாத ஊரு நெனைப்புல வரல்ல. நீரு அங்க போனதே இல்ல."

"அப்ப படகுக் கண்ணு?" என்றான் கோலப்பன்.

"பார்த்தவன் சொல்லிக் கொடுத்தது. சாவி கொடுத்தா ஒரு நாளைக்குமேல ஓடாத கடிகாரம் இது. பொட்டலம் கட்டினவன் நேத்து கைப்பழக்கத்துல சாவி கொடுத்து, நம்ம ஊரு மணிக்கு அஞ்சு நிமிஷம் கூட்டி வச்சுட்டான். அந்தப் பழக்கம் யாருக்குன்னு இந்த அம்மாவே சொன்னாங்க. ஸ்ரீகண்டன் எங்கவே?"

காப்பி வேட்டியில் கொட்டியது. "தம்பானூர் லாட்ஜுல," என்றான் அவன். "மால்டாவுல ஒரு வெள்ளைக்காரியைச் சர்ச்சுல வச்சுக் கட்டிண்டான். இவா கம்பெனிக்கு எழுதிண்டே இருந்தா அவளுக்குத் தெரிஞ்சுடும். செத்துட்டான்னு சொன்னா நின்னுடுமேன்னு..."

"இவங்க தலையைச் சிரைப்பாங்கன்னு அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"என் பிள்ளை இருக்கான்," என்று மாமியார் சுவாமி அறையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அனந்தலக்ஷ்மி யாரையும் பார்க்கவில்லை. கழுத்திலிருந்த தாலியைக் கழற்றினாள். கடிகாரத்தோடு சேர்த்துப் பொட்டலமாகக் கட்டி, வெங்கடகிருஷ்ணன் முன்னால் வைத்தாள்.

"கூந்தல் என்னோடது," என்றாள். "இது அவரோடது. கொண்டுபோய்க் கொடுங்கோ."