வெறுங்கழுத்து

கஸ்பார் எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சி, பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கினான். சுட்டது. விரல்களைக் குழாய்த் தண்ணீரில் காட்டினான். காபி குடித்தான். குளித்தான். தூத்துக்குடி சோடியம் மின்கல ஆலையின் பேருந்தில் ஏறினான். பேருந்தில் எல்லாருடைய பிடரியிலும் வலிமறிப்பான் ஒட்டியிருந்தது, நாணய அளவு வில்லை. அவன் பிடரியில் ஒரு வெளிறிய வட்டம் மட்டும்.

வில்லை இல்லாததால் ஆலைக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது.

ஆலையின் செவிலி செல்வக்கனி புது வில்லையோடு வந்தாள்.

“அண்ணாச்சி, மதினி போன துக்கம்னு இத்தன நாள் விட்டாச்சு. சட்டம்னு ஒண்ணு இருக்குலா? ஒட்டிக்கிட்டு உள்ள போங்க.”

“ஒட்ட மாட்டேன்.”

“இது என்ன செய்யுதுன்னு தெரியும்லா?”

தெரியும். அவன் தினமும் புழங்குகிற அணுதான். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். அதை இழந்தால் எலக்ட்ரான்களைவிடப் புரோட்டான் ஒன்று மிஞ்சும். அணு நேர் அயனியாகிவிடும். அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிற குளோரின் எதிர் அயனி. மின்கலத்துக்குள் ஓடுவது சோடியம் அயனி. நரம்பின் நுண்வாயில்கள் வழியே உள்ளே பாய்ந்து, வலியை மூளைவரை கடத்துவதும் அதுதான். வில்லை வலி நரம்புகளின் வாயில்களை மூடிவைக்கும். அயனி வெளியே நிற்கும். செய்தி போகாது.

“கோளாறு உள்ளேயேதான் இருக்கும். சேதிய மட்டும் நிறுத்துது,” என்றான். “எம் பொண்டாட்டி ரெஜினாவுக்குக் குடல்வால் வெடிச்சிருந்துச்சு. அதோட மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டா.”

“ஏல, நேரமாவுது. ஒட்டிட்டுப் போலே,” என்று வரிசையில் ஒருவன் கத்தினான்.

“அவனுக்கு வலி வேணுமாம். ஒரு கிலோ கட்டிக் குடுங்க,” என்றான் இன்னொருவன். சிரித்தார்கள்.

கஸ்பார் நகரவில்லை. “வேலைய வேணா எடுத்துக்கோங்க. கழுத்து என்னோடது.”

செல்வக்கனிக்குக் கோபம் வந்துவிட்டது. “மதினி நோகாமப் போனாங்க. அது எம்புட்டுப் பெரிய கொடுப்பினை!”

“உங்க வில்லையக் கழட்டிட்டுச் சொல்லுங்க.”

“கழட்டுனா என்ன? ஒண்ணும் ஆவாது. எல்லாரும் பாத்துக்கோங்க.” வில்லையைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

நரம்பின் வாயில்கள் திறக்கச் சற்று நேரம் பிடித்தது. அதுவரை அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அவள் கை வலது விலாவுக்குக் கீழே போனது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“யம்மா... இது எப்பருந்து...”

வரிசையில் சிரிப்பு நின்றது. ஒரு கிலோ கேட்டவன் தன் பிடரியை நகத்தால் சுரண்டத் தொடங்கினான்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் காவலாளியை அனுப்பிவிட்டு, கஸ்பார் அவளை உட்காரவைத்தான். அவள் வில்லையை மறுபடியும் ஒட்டப் போனாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“டாக்டர் பாக்குற வரைக்கும் வேண்டாம். எங்க வலிக்குதுன்னு நீங்க சொல்லணும்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். “மதினி... ஒண்ணுமே சொல்லலையா?”

“நெத்தி கொதிச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன்.”

ரெஜினா சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் சொன்னான்:

“வலிக்கவே இல்லங்க. சும்மா சூடுதான். நீங்க வேலைக்குப் போயிட்டு வாங்க.”