நெல் அம்பாரத்தில் ஒரு கை

“ஐயோ...!”

பின்னறையிலிருந்து அந்த அலறல் வந்தபோது பூவிழி வாசலில் லாரிக்காரனோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

அவள் கணவன் இராஜாங்கம் நடத்தும் விதைநெல் சுத்திகரிப்புக் கூடம் அது. அம்மாபேட்டைக்குப் பக்கம். பகல் முழுக்க நெல் தூசியில் நின்றால் உடம்பெல்லாம் சுணை அரிக்கும். அதனால் வேலை முடிந்ததும் பெண்கள் பின்னறையில் கைகால் கழுவி, உடை மாற்றிக்கொண்டுதான் பஸ்ஸுக்குக் கிளம்புவார்கள்.

அந்த அறையில், பில் போடும் கனிமொழி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். துண்டை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். ஒரு விரல் மட்டும் அடுக்கிய சாக்குகளை நோக்கி நீண்டிருந்தது.

“அக்கா... அங்க பாருங்க... அது நம்மளப் பாக்குது.”

இரண்டு சாக்குகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கறுப்புக் கண்.

செல்போன் கேமரா!

பூவிழி பிடுங்கி எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். முதுகில் கீறல்... அதன்மேல் பாதி உரிந்த கிரிக்கெட் ஸ்டிக்கர்.

அந்த ஸ்டிக்கரை ஒட்டியவன் யாரென்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

இளவழகன். பூவிழியின் சொந்தத் தம்பி. கூடத்தின் சாவியை இடுப்பில் வைத்திருப்பவன். அலறல் கேட்டு அவனும் கதவருகே வந்து நின்றிருந்தான்.

“உன் போனாடா இது?”

“என் போன்தான்க்கா. ஆனா பொங்கலுக்கே அத்தான்கிட்ட குடுத்துட்டேனே. பழசு ஒண்ணு வேணும்னு கேட்டாரு...”

பளார்!

தம்பியை அவள் அடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பண்றதையும் பண்ணிட்டு, அவரு மேல பழி போடுறியா?”

இளவழகன் கன்னத்தைத் தடவவில்லை. அக்காவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

கனிமொழி மெதுவாகச் சொன்னாள். “உங்கள நம்பித்தான்க்கா எங்கம்மா என்னை இங்க வேலைக்கு அனுப்புச்சு.”

அந்த வார்த்தை பூவிழியின் கன்னத்தில் அறைந்தது.

அரைமணி நேரத்தில் இராஜாங்கம் வந்தான். தலையிலும் தோளிலும் உமித்தூசி. கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு கிடந்துவிட்டு வருகிறவன்.

போலீசுக்குப் போன் போட்டவனும் அவன்தான்.

“மச்சானா இருந்தா என்ன? பொம்பளப் புள்ளைங்க மானம் முக்கியம்.”

இளவழகனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரே இராஜாங்கத்தைப் புகழ்ந்தது.

*

மறுநாள் காலை. தஞ்சாவூர். வழக்கறிஞர் கமருன்னிஸாவின் அலுவலகம். இராஜாங்கமும் பூவிழியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“பொம்பளைங்க கேஸ் பாருங்க மேடம். அதான் பொம்பள வக்கீலா வெச்சா நல்லா இருக்கும்னு வந்தேன்” என்றான் இராஜாங்கம்.

கமருன்னிஸா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “இது ஆம்பள பண்ண கேஸுங்க. பொம்பளைங்க கேஸ்னு யாரு பேரு வெச்சது?”

இராஜாங்கம் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

“ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டு வந்துடலாமாமே மேடம்? மச்சான்கிட்டயும் சொல்லிட்டேன். ஒத்துக்கடா, வெளிய கொண்டாந்துடுறேன்னு.”

“யாரு சொன்னா?”

“சும்மா... எல்லாரும் சொல்றதுதான். தொடவா செஞ்சான்? பாத்தான், அவ்வளவுதானே.”

கமருன்னிஸா கண்ணாடியை மாட்டினாள்.

“அவ்வளவுதானேன்னு ஒரு பிரிவு சட்டத்துல கிடையாதுங்க. அசிங்கமா பேசினா, ஜாடை காட்டினா எழுபத்தொம்பது. மேல கை வெச்சா எழுபத்துநாலு. அதுல ஜாமீன் லேசுல கிடைக்காது. வேண்டாம்னு சொன்ன பொண்ணு பின்னாடியே சுத்தினா எழுபத்தெட்டு. ஒளிஞ்சு பாத்தாலும் படம் புடிச்சாலும் எழுபத்தேழு. இந்த கேஸ் அதுதான். கூடவே ஐ.டி. சட்டமும் வரும்.”

“தண்டனை மேடம்?” பூவிழி கேட்டாள்.

“முதல் தடவைன்னா ஜாமீன்ல வரலாம்மா. ஆனா குற்றம் நிரூபணமானா குறைஞ்சது ஒரு வருஷம் உள்ள இருக்கணும். மூணு வருஷம் வரைக்கும் போகும். ஃபைன் அதுக்கு மேல. ஃபைனை மட்டும் கட்டிட்டு வீட்டுக்கு வர வழியே இல்ல.”

பூவிழி கணவனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க தம்பி ஒத்துக்கிட்டாரா?”

“அக்காவே நம்பாதப்ப வேற யாரு நம்பப்போறா, ஒத்துக்கிட்டுப் போயிடுறேன்னு சொல்றான் மேடம். இன்னிக்குச் சாயந்தரம் எழுதிக் குடுக்கப்போறானாம்” என்றான் இராஜாங்கம்.

“போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்டுல செல்லாது. ஆனா ஊர்ல செல்லும். அந்தப் பையன் வாழ்க்கை அதோட முடிஞ்சுது. சாயந்தரத்துக்குள்ள நாம ஏதாவது பண்ணியாகணும்.”

இராஜாங்கத்தின் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனான்.

கமருன்னிஸா கதவைச் சாத்தினாள்.

“இப்ப சொல்லும்மா. சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“தம்பிகிட்ட ஒண்ணு. அவருகிட்ட ஒண்ணு.”

“அந்த போனை அத்தான்கிட்ட குடுத்தேன்னு தம்பி சொல்றான். போலீஸ்ல விசாரிச்சேன், வீடியோ மூணு மணிக்கு ஓட ஆரம்பிச்சிருக்கு. அப்ப உங்க வீட்டுக்காரர் எங்க?”

“கொள்முதல் நிலையத்துல. காலையிலேர்ந்து நெல்லைக் காய வெச்சுக்கிட்டு இருந்தாரு. நாலு மணிக்கு நானே டீ கொண்டு போனேன். அப்பத்தான் திரும்பக் குவிச்சு முடிச்சாராம். வேர்த்து ஊத்துச்சு. நான்தான் மேடம் அவருக்குச் சாட்சி.”

“அந்த நெல்லை எடுத்துக்கிட்டாங்களா?”

“இல்லைங்க. இன்னிக்குக் காலையில ஒரு கைப்பிடி அள்ளி ஈரம் பாத்தாங்க. குறையவே இல்லன்னுட்டாங்க. அம்பாரம் அங்கயேதான் கிடக்கு.”

“நாள் பூரா மாசி வெயில்ல காய வெச்ச நெல்லா?”

பூவிழியின் கண்முன் அந்த அம்பாரம் வந்து நின்றது.



டெல்டாவில் களத்து நெல்லை யாரும் அப்படியே விட்டுப் போவதில்லை. அம்பாரமாகக் குவித்து, சாணியைக் கரைத்து, சுற்றிலும் உள்ளங்கையை அழுத்தி அடையாளம் வைப்பார்கள். ராத்திரி எவனாவது ஒரு படி அள்ளினாலும் நெல் சரியும்... கைத்தடம் கலையும். காலையில் தடம் கலையாமல் இருந்தால் நெல் பத்திரம்.

புதன்கிழமை சாயந்தரம் அந்த அடையாளத்தை வைத்தவள் பூவிழி.

நேற்று, வியாழக்கிழமை நாலு மணிக்கு டீயோடு போனபோதும் அவள் கண் முதலில் அம்பாரத்தைத்தான் பார்த்தது. தடம் அத்தனையும் அப்படியே இருந்தது. ‘அப்பாடா... யாரும் கை வைக்கல’ என்று நிம்மதியாகத் திரும்பி வந்தாள்.

யாரும் கை வைக்கவில்லை!

அவனும்தான்!

“மேடம்...” அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். “பிரிச்சுக் காய வெச்சா என் கைத்தடம் எப்படிங்க அப்படியே இருக்கும்?”

“அவரே திரும்ப வெச்சிருக்கலாமே?”

பூவிழி வலக்கையை மேசைமேல் விரித்தாள். மோதிர விரலில் பாதி இல்லை. கதிரடிக்கும் மெஷின் தின்றது போக மிச்சம்.

“அம்பாரத்துல இருக்கிறது நாலரை விரல் மேடம்.”

கமருன்னிஸா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

கோர்ட்டுக்கு எதிரே, புங்க மர நிழலில் கார் நின்றது. இராஜாங்கம் வடையைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

“என்னவாம் அந்தம்மா? ரொம்பக் கறாராப் பேசுதே. வேற வக்கீலப் பாப்போமா?”

“ஏங்க... நேத்து அம்பாரத்தப் பிரிச்சீங்கள்ல?”

“பிரிக்காம? இடுப்பு ஒடிஞ்சு போச்சு.”

“திரும்ப அடையாளம் வெச்சது யாரு?”

“நான்தான். ஏன்?”

“சாணியை எங்க கரைச்சீங்க?”

“அங்கயே ஒரு வாளியில... என்ன, போலீஸ் மாதிரி கேக்குற?”

“உங்களுக்கு மோதிர விரல் முழுசா இருக்குங்களே.”

வடை பாதியில் நின்றது.

சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. இராஜாங்கம் கையைத் துடைத்துக்கொண்டான். துடைத்துக்கொண்டேயிருந்தான்.

“பூவிழி... இங்க பாரு. ஏதோ புத்தி கெட்டுப் போச்சு. விட்டுடு.”

“பதினாறு வருஷம் உங்ககூட குடும்பம் நடத்தியிருக்கேன். எம் தம்பி உங்கள அத்தான்னு கூப்பிட்ட வாயை நேத்து நான் அடிச்சேன்.”

“அவன் சின்னப் பையன். ரெண்டு வருஷத்துல ஊரு மறந்துடும். எனக்கு அப்படியா? கூடம் இருக்கு. சொசைட்டி எலெக்‌ஷன் வருது. நம்ம பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ள தேடணும்.”

“கனிமொழியும் யாரோ பெத்த பொண்ணுதான்.”

“அவளுக்கு ஏதாவது குடுத்துச் சரிக்கட்டிக்கலாம்.”

“எத்தனை நாளா எடுக்குறீங்க?”

அவன் கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான். அதுவே பதில்.

பூவிழி கார்க் கதவைத் திறந்தாள். கீழே இறங்கினாள்.

“எங்க போற? நில்லு. எங்க போனாலும் உன்னால ஒண்ணும் பண்ண முடியாது.” அவன் குரல் மாறியிருந்தது. “புருஷன் பொண்டாட்டிகிட்டப் பேசினதை கோர்ட்டுல சொல்லக் கூடாது. சட்டம் அப்படி. ராத்திரியே போன்ல படிச்சுட்டேன்.”

சட்டம் படித்திருக்கிறான்... மச்சானைக் காப்பாற்ற அல்ல!

அவள் திரும்பிப் பார்க்காமல் வக்கீல் அலுவலகத்துக்குப் படியேறினாள்.

“மேடம், அவரு என்கிட்ட ஒத்துக்கிட்டாரு. ஆனா அதை நான் சொல்லக் கூடாதாமே?”

“கூடாதும்மா. கரெக்ட்டாத்தான் படிச்சிருக்காரு.” கமருன்னிஸா கறுப்புக் கவுனை எடுத்து மடித்தாள். “ஆனா பாதிதான் படிச்சிருக்காரு. அவரு உன்கிட்ட சொன்னதைத்தான் சொல்லக் கூடாது. உன் கண்ணால பாத்ததைச் சொல்லலாம். அம்பாரத்தைப் பாத்தேல்ல?”

“பாத்தேன்.”

“அதை அவரு உன்கிட்ட சொல்லலையே?”

“இல்லைங்க.”

“அப்ப வா. ஸ்டேஷனுக்குப் போவோம்.”

கீழே ஒரு கார் சீறிக் கிளம்பும் சத்தம் கேட்டது. பூவிழி ஜன்னலுக்கு ஓடினாள்.

“மேடம்! அவரு போறாரு. அம்பாரத்தைக் கலைக்கப் போறாரு!”

கமருன்னிஸா அவசரப்படாமல் செருப்பை மாட்டினாள்.

“போகட்டும். நீ கீழ இறங்கினதுமே இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுட்டேன். ஸ்டேஷன்லேர்ந்து கொள்முதல் நிலையம் கூப்பிடு தூரம். இங்கேர்ந்து இவரு போய்ச் சேர நேரமாகும்.”

*

இராஜாங்கம் நெல் தள்ளும் பலகையைப் பிடித்திருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக!

அம்பாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தள்ளினான். காலால் கிளறினான். காய்ந்த சாணித்தடங்கள் ஒவ்வொன்றாக உடைந்து நெல்லோடு நெல்லாகக் கரைந்தன. கடைசித் தடத்தை மிதித்துவிட்டு நிமிர்ந்தான். மூச்சு வாங்கியது.

“நல்லாக் காய வைக்கிறீங்களே சார்.”

திரும்பினான்.

தார்ப்பாய்க் கொட்டகைக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டர் வித்யாலக்ஷ்மி வந்தாள். கூடவே போட்டோ எடுக்கும் ஒரு போலீஸ்காரர்.

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாத் தடத்தையும் படம் எடுத்தாச்சு. நாலரை விரல். நீங்க கலைச்சதையும் வீடியோ எடுத்துட்டோம். ஒளிஞ்சிருந்துதான் எடுத்தோம். உங்களுக்குத் தப்பாத் தோணாதே?”

“மேடம்... நெல்லு ஈரமா இருக்குன்னாங்க... அதான் காய வெக்கலாம்னு...”

“நேத்து மூணு மணிக்கு உங்க செல்போன் எந்த டவர்ல இருந்துச்சுன்னும் கேட்டிருக்கோம். வந்துடும்.”

ஒரு ஆட்டோ வந்து நின்றது. பூவிழியும் கமருன்னிஸாவும் இறங்கினார்கள். பின்னாலேயே போலீஸ் ஜீப். அதில் இளவழகன். வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்திருந்த கனிமொழியும் கூட.

பூவிழி தம்பியிடம் போனாள். அவன் தோளில் கையை வைத்தாள்.

“இளா...”

“கன்னம் இன்னும் வலிக்குதுக்கா” என்றான் அவன். கையைத் தட்டிவிடவில்லை. ஆனால் அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

கனிமொழிதான் அவள் அருகே வந்தாள்.

“நீங்க சொல்லமாட்டீங்கன்னு நினைச்சேன்க்கா. வீட்டுக்காரராச்சேன்னு.”

“நானும் அப்படித்தான்டி நினைச்சேன்.”

போலீஸ்காரர் இராஜாங்கத்தின் கையிலிருந்த பலகையை வாங்கி ஓரமாகச் சாய்த்தார். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சரிந்து கிடந்த நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் கமருன்னிஸாவிடம் வந்தான்.

“மேடம்... எப்படியாவது நீங்களே எனக்கு ஆஜராகிடுங்க.”

“நான் உங்க மச்சானோட வக்கீலுங்க. ரெண்டு பக்கமும் நிக்கக் கூடாது.”

“அப்ப என் கதி?”

கமருன்னிஸா புடவையில் ஒட்டிய நெல்மணியைத் தட்டிவிட்டாள்.

“பயப்படாதீங்க. வக்கீல் இல்லாதவருக்கு அரசாங்கமே வக்கீல் வெச்சுக் குடுக்கும். பொண்டாட்டி இல்லாதவருக்குத்தான் இன்னும் அப்படி ஒரு திட்டம் வரல.”