சத்தம் போடாத கேமரா

காலையில் புதுப்பிப்பு மணி ஒலித்ததும் தூத்துக்குடி கடைத்தெரு அப்படியே நின்றது. இட்லிக் கரண்டியைத் தூக்கியவர் தூக்கியபடி நின்றார். பேருந்து ஓரங்கட்டியது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒவ்வொருவர் கண்மணியின் மேலும் பிறந்த நாள் முதல் ஒட்டியிருக்கும் விழிப்படலம், அன்றைக்கு எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டக் கூடாது என்ற ஆணைகளை வாங்கிக்கொள்ளும் நேரம் அது. பத்து மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். பல் தேய்ப்பது மாதிரி, யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

ஜெசிந்தாவும் கண்ணை மூடினாள். சில வாரங்களாக அந்த இருட்டு அவளுக்கு ஆகவில்லை. மூடிய கண்ணுக்கு வெளியே யாரோ மிக அருகில் நிற்பதுபோல் முதுகு கூசியது. மணி மறுபடி ஒலித்ததும் விறுவிறுவென்று நடந்து, வெள்ளத்துரையின் பழம்பொருள் கடைக்குள் நுழைந்தாள்.

வெள்ளத்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஃபிலிம் கேமரா வேண்டும் என்று அவள் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டார். கடைக்குள் அவர்கள் இருவர் மட்டும்தான்.

“என்ன விசேஷத்துக்கு?” என்றார்.

“வீட்டுல கல்யாணம் அண்ணாச்சி.”

அவர் தலையாட்டினார். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கல்யாணம் என்றுதான் சொல்வார்கள். அவரும் மாப்பிள்ளை யார் என்று கேட்பதில்லை.

உண்மையான காரணம் கொசுவலை. மகள் அனிலா தூக்கத்தில் உதைத்துத் தள்ளும் கொசுவலை, விடிகிற நேரத்தில் பாய்க்கடியில் ஒழுங்காகச் செருகியிருந்தது. ஜெசிந்தா செருகவில்லை. அதற்கு முன்பே பானையில் சோறு குறைந்திருக்கிறது, குளியலறைத் தரை காரணமில்லாமல் ஈரமாக இருந்திருக்கிறது. அதையெல்லாம் தன் மறதி என்று ஒதுக்கியவளால் கொசுவலையை ஒதுக்க முடியவில்லை. குழந்தையின் தலைமாட்டில் ஒரு மறைபட்டவன் உட்கார்ந்திருக்கிறான்.

மறைப்பு என்பது தண்டனை. சிறைகள் மூடப்பட்ட பிறகு வந்தது. தண்டனை பெற்றவனின் உருவத்தை எல்லோருடைய விழிப்படலமும் அழித்துவிடும். அவன் குரலை, காதுக்குள் அதேபோல் ஒட்டியிருக்கும் செவிப்படலம் விழுங்கிவிடும். அவன் எங்கு வேண்டுமானாலும் போகலாம், எங்கும் சாப்பிடலாம். ஆனால் ஒருவரையும் தொடக் கூடாது. கூட்டத்தில் இடித்துக்கொண்டாலும் தொட்டதுதான். யாராவது அவனை அடையாளம் கண்டு பெயரைச் சொன்னாலும் சரி, தொட்டாலும் சரி, தண்டனைக் காலம் முதலிலிருந்து தொடங்கும். யார் யார் மறைபட்டவர்கள் என்பது வெளியே தெரியாது. குடும்பத்துக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் தேடுவார்கள் என்று.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தால் வீட்டுக்கு முத்திரை வைத்துவிட்டுக் குழந்தையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். அதனால் முதலில் அவன் யார் என்று அவள் பார்த்தாக வேண்டும். கள்வனா, அதைவிட மோசமானவனா என்று தெரிய வேண்டும்.

வெள்ளத்துரை மூன்று கேமராக்களை மேசையில் வைத்தார். மூன்றும் நடுவடிவம், அதாவது மீடியம் ஃபார்மேட். சின்ன ஃபிலிம் ஏன் ஆகாது என்று அவரே விளக்க ஆரம்பித்தார். படத்தைத் தாளில் அச்சுப் போட்டால் விழிப்படலம் தாளிலும் ஆளை அழித்துவிடும். நெகட்டிவில் மட்டும் அதன் வித்தை பலிக்காது. வெளிச்சமும் நிழலும் தலைகீழாகக் கிடக்கும் முகத்தை அதற்கு அடையாளம் தெரியாது. ஆகவே நெகட்டிவைத்தான் வெறும் கண்ணால் படிக்க வேண்டும். சின்ன ஃபிலிமில் முகம் கடுகளவு. இதில் ஒரு படம் உள்ளங்கையில் பாதி இருக்கும், மூக்கும் முழியும் தெரியும்.

முதல் கேமரா மடக்கும் வகை. முன்னால் துருத்திபோல் தோல் மடிப்பு. ஜெசிந்தாவுக்கு அது பிடித்திருந்தது, இடுப்பில் செருகிக்கொள்ளலாம். அவர் அதற்குள் ஒரு சின்ன விளக்கை விட்டு, கடை விளக்கை அணைத்தார். மடிப்பின் மூலைகளில் ஊசிமுனை அளவில் வெளிச்சம் கசிந்தது.

“இந்த ஓட்டை வழியா வெளிச்சம் பூந்துச்சுன்னா ஃபிலிம்ல புகை மாதிரி கறை விழும். நீங்க அதப் பாத்து ஆளுன்னு பயந்து சாவீங்க. வேண்டாம்.”

இரண்டாவது கனமானது, அழகானது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை உள்ளே ஒரு கண்ணாடி மேலே திருப்பிக் காட்டும். படம் எடுக்கும் நொடியில் அந்தக் கண்ணாடி எழும்பி விலக வேண்டும். அவர் பொத்தானை அழுத்தினார். கதவை அறைந்ததுபோல் ஒரு சத்தம். ஜெசிந்தா பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

“நீங்களே இந்தப் பாடு. கல்யாண மாப்பிள்ள என்ன பாடு படுவாரு?” என்று சிரித்தார் வெள்ளத்துரை. அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. பார்க்கும் வழியும் பிடிக்கும் வழியும் தனித்தனி என்பதால் உள்ளே எதுவும் எழும்பி விழ வேண்டியதில்லை. வயிற்றருகே வைத்துக்கொண்டு, குனிந்து மேல்மூடியைத் திறந்து பார்த்தால் போதும், முகத்துக்கு நேரே தூக்க வேண்டாம். அவர் அழுத்தினார். நகம் வெட்டும் சத்தம்கூட இல்லை. லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொன்னார். சுத்தமாக இருந்தது. ஒரு படம் எடுத்ததும் ஃபிலிமைச் சுற்றினால்தான் அடுத்தது விழும், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பேய்போல் தெரியாது என்றும் காட்டினார்.

“இதுதான் வேணும்,” என்றாள்.

சோதிக்காமல் தர மாட்டேன் என்றார் அவர். ஒரு சுருளைப் போட்டு, அவளை வாசல் பக்கம், அலமாரி பக்கம் என்று நிற்கவைத்து எடுத்தார். கேமராவை முக்காலியில் வைத்துவிட்டு, தூசிபிடித்த இன்னொரு கேமராவை அவளிடம் கொடுத்து, குனிந்து பார்த்துப் பழகச் சொல்லி அதையும் எடுத்தார். பிறகு சுருளைக் கழுவ உள் அறைக்குப் போனார்.

தனியாக நின்ற ஜெசிந்தா கதவைத் திரும்பிப் பார்த்தாள். கதவு பூட்டித்தானே இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளத்துரை வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. ஈரம் சொட்டும் ஃபிலிமை விளக்குக்கு எதிரே பிடித்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

முதல் படத்தில் பூட்டிய கதவு. கதவுக்கு முன்னால் அவள். அவளுக்குப் பின்னால், அவளுடனே நுழைந்துவிட்ட ஒருவன்.

அடுத்த படத்தில் அவன் இன்னும் அருகில் இருந்தான். அதற்கடுத்ததில் இன்னும். பஞ்சுபோல் நரைத்த தலை. கிழவன். முன்பின் பார்த்திராத ஏதோ ஒரு கிழவன் இந்த நொடியில் இங்கேயே நிற்கிறான், வீட்டிலும் இருக்கிறான், அனிலாவின் தலைமாட்டில் உட்காருகிறான். திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் மேசை விளிம்பை இறுகப் பிடித்தாள்.

“நரைன்னு நெனைக்காதீங்க தங்கச்சி,” என்றார் வெள்ளத்துரை மெதுவாக. “இதுல எல்லாம் தலைகீழு. வெள்ளையாத் தெரிஞ்சா கருப்பு. உங்க முடியப் பாருங்க.”

அவள் தன் உருவத்தைப் பார்த்தாள். அவளும் கிழவியாக இருந்தாள். பிறகு அவனுடைய தலையை மனதுக்குள் கருப்பாக்கினாள். வெளிறிய முகத்தை மாநிறமாக்கினாள். வலது தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது, வருஷக்கணக்கில் துறைமுகப் பாரந்தூக்கியின் நெம்புகோலை இழுத்த தோள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

ரோமால்டு. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்த மாதத்தில் காணாமல்போன அவள் கணவன். கொழும்புக்குப் போய்விட்டான், அங்கே வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்று ஊர் சொன்னது. அவளும் நம்பினாள். உன் அப்பன் நம்மை வேண்டாமென்று போனவன் என்று குழந்தைக்கும் சொல்லிக்கொடுத்தாள். சோறு ஊட்டும்போது சொன்னாள், தலை பின்னும்போது சொன்னாள். எல்லாவற்றையும் அவன் அதே அறையில் இருந்து கேட்டிருக்கிறான்.

கடைசிப் படத்தில் அவள் பழைய கேமராவுக்குள் குனிந்திருந்தாள். நிமிர்ந்தால் இடிக்கும் இடத்தில் இரும்பு அலமாரியின் கூரான முனை. அதன்மேல் அவன் தன் உள்ளங்கையைப் பொத்தி வைத்திருந்தான். அவள் தலைக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு விரல்கடைகூட இல்லை. பட்டிருந்தால் அவனுக்கு எல்லாம் முதலிலிருந்து.

பெயர் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“தெரிஞ்சவரா?” என்றார் வெள்ளத்துரை.

செவிப்படலம் கேட்டுக்கொண்டிருக்கும். அவனும் கேட்டுக்கொண்டிருப்பான்.

“இல்ல அண்ணாச்சி,” என்றாள். “யாருன்னே தெரியல.”

குரல் உடையாமல் சொல்லி முடித்தாள். கடையில் ஒரு சலனமும் இல்லை. அவன் எந்தப் பக்கம் நிற்கிறான், முகத்தை எப்படி வைத்திருக்கிறான், ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு நாள் அவள் ஏசியதோடு இதையும் சேர்த்துக்கொண்டு, இந்தக் கதவு திறந்ததும் அவன் வேறு பக்கம் நடந்துவிட்டால்? அந்த எண்ணத்தில் கொசுவலையைப் பார்த்த அன்றைவிட அதிகமாகப் பயந்தாள்.

வெள்ளத்துரை கேமராவைப் பையில் போட்டுக் கொடுத்தார். அவர் கேட்காமலேயே அவள் தன் பயணத்தை விவரித்தாள். முத்தையாபுரம் பேருந்தில்தான் போகப்போகிறாளாம். பின்வாசல் வழியாக ஏறி, சன்னல் ஓரத்தில் கம்பியைப் பிடித்து நிற்பாளாம். அங்கே எப்போதும் இடம் இருக்குமாம். அவர் ஃபிலிமைச் சுருட்டியபடி கேட்டுக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து, தேவைக்கு அதிகமான நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலையில் அவள் வந்தபோது காலியாக இருந்த பேருந்து இப்போது பிதுங்கியது. மறைபட்டவர்கள் இப்படிப்பட்ட கூட்டத்தில் ஏறுவதில்லை, நடந்துதான் போவார்கள். அவன் வர மாட்டான் என்றது அறிவு. ஜெசிந்தா கேட்கவில்லை. சன்னலோரத்துக்கு முட்டிமோதிப் போனாள். திரும்பி நின்று, இரண்டு கைகளையும் விரித்து இரண்டு கம்பிகளைப் பிடித்தாள். அவள் முதுகுக்கும் சன்னலுக்கும் இடையே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டாள்.

“என்னம்மா, பஸ்ஸயே வெலைக்கு வாங்கிட்டியளா? உள்ள தள்ளி நில்லுங்க,” என்றான் ஒருவன்.

“யாருக்கு எடம் புடிச்சு வச்சிருக்கா?” என்றாள் கூடைக்காரி ஒருத்தி.

“கேமரா இருக்குக்கா. இடிச்சா ஒடஞ்சிரும்.”

அடுத்த நிறுத்தத்தில் இன்னும் பலர் ஏறினார்கள். முழங்கை விலாவில் குத்தியது. யாரோ காலை மிதித்தார்கள். பேருந்து சடாரென்று நின்றபோது கூட்டம் மொத்தமும் அவள்மேல் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அங்குலமும் பின்னால் நகராமல் தாங்கினாள். முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை, சூடு இல்லை, எதுவும் இல்லை. தோள்கள் கடுத்தன. முத்தையாபுரம் வரும்வரை அவள் கைகளை இறக்கவில்லை.