பெரியம்மாவின் நீலக் கவுன்

பூட்டைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். மெஷின் எண்ணெயும் சூடு பட்ட துணியும் கலந்த வாசனை. பெரியம்மா இறந்துபோன பிறகு அந்தத் தையல் கடையை யாரும் திறக்கவில்லை. சின்னவள் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்துதான் கிடந்தது. பூட்டிக் கிடந்த இடம் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தங்கை மகள் என்றுதான் பேர். ஊட்டி வளர்த்தது, ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பெரியம்மாதான். இன்றைக்குச் சொந்தக்காரர்கள், பெரியம்மா தைத்ததையே உடுத்திக்கொண்டு வந்து, அவளைப் பற்றிப் பேசப் போகிறார்கள். பெருக்கி வைக்க இவள் முன்னாலேயே வந்துவிட்டாள்.

ஆளுயரக் கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. கடையைப் பூட்டும்போது அம்மா திருப்பி வைத்திருப்பாள் என்று நினைத்து அதை நேராக்கிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

மதியம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். மழை மேகம் கவிந்து அறை மங்கியது. மாமா எழுந்து நின்று தொந்தியைத் தட்டிக் காட்டி ஆரம்பித்தார். வருடா வருடம் அவருடைய கால்சட்டை இறுகிப் போகும். பெரியம்மா வாங்கி, தையலுக்குள் கூடுதலாக மடித்து விட்டிருக்கும் துணியைப் பிரித்துவிட்டு, “துணி சுருங்கிப் போச்சுப்பா” என்று கொடுப்பாளாம். அதை நம்பி இவர் துணிக்கடைக்காரனோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மாமி சிரிக்காமல் தன் சட்டையின் கையைத் தடவினாள். சின்ன வயதில் வெந்த கை அது. அந்தத் தழும்பு தெரியாமல் பெரியம்மா வைத்த நீளக் கையைப் பார்த்துத் தெருவில் பாதிப் பெண்கள் அதே மாதிரி கேட்டு வந்து நின்றார்கள். யாருடைய குறையையும் வெளியே காட்டாத கை பெரியம்மாவுடையது.

“கடைசியா அந்த நீலக் கவுன்ல எவ்வளவு அழகா இருந்தா,” என்றாள் அம்மா. “எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல். நீ பாத்துப் பாத்து உடுத்திவிட்டே.”

சின்னவளுக்குக் காதெல்லாம் எரிந்தது.

அடக்கத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு உடுத்தியவள் இவள் மட்டும்தான். நோயில் உடம்பு வீங்கியிருந்தது. பெரியம்மா தனக்கென்று தைத்துக்கொண்ட ஒரே நல்ல கவுன் தோளைத் தாண்டி இறங்கவில்லை. வெளியே வண்டி காத்திருந்தது, கதவை ஓயாமல் தட்டினார்கள். சின்னவள் பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். கழுத்திலிருந்து கீழ் ஓரம் வரை கவுனின் முதுகுப் பக்கத்தை ஒரே வெட்டாக வெட்டி, இரண்டு பக்கத்தையும் உடம்புக்கு அடியில் சொருகிவிட்டாள். மல்லாந்து கிடப்பவளின் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? சொருகும்போதுதான் விரலில் தட்டுப்பட்டது: பக்கத் தையலுக்குள் இரண்டு விரல் அகலத் துணி. எல்லோருக்கும் விடுவதுபோல் தனக்கும் விட்டிருந்தாள். பிரித்திருந்தால் போதும். அந்தக் கையிடமே தொழில் கற்றவளுக்கு அது தோன்றவில்லை.

“கண்ணாடியை யாருப்பா திருப்பினது?” என்றார் மாமா.

யாரும் அதன் பக்கம் போயிருக்கவில்லை.

கண்ணாடி மறுபடி சுவரைப் பார்த்து நின்றது.

காற்றாக இருக்கும் என்று மாமி சொன்னாள். பெருக்கும் முன் இவள் தோள் கொடுத்துத் தள்ளித்தான் நகர்த்திய கண்ணாடி அது. சின்னவள் நூல் எடுக்கப் போவதுபோல் அறையின் கோடிக்குப் போனாள். அளவு பார்க்க வருகிறவர்கள் உடை மாற்றும் மூலை அங்கேதான் இருந்தது. திரை இழுத்து விட்டிருந்தது.

பெருக்கும்போது அதைத் திறந்து வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள்.

வீங்கியவை. குதிகால் சுவரோடு ஒட்டி, விரல்கள் இவளைப் பார்த்து இருந்தன.

“சின்னவளே.”

மூச்சுக்காற்று அளவுக்குத்தான் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

“எல்லாரும் வந்திருக்காங்க. நான் எப்படிடி வெளிய வருவேன்? பின்னால தொறந்து கெடக்கு.”

ஓடியிருக்கலாம். கூப்பிடு தூரத்தில் நாலு பேர் இருந்தார்கள். ஊரார் குறையையெல்லாம் மறைத்துக் காப்பாற்றியவளை முதுகு தெரிய நிற்க வைத்துவிட்டோமே என்ற வெட்கம்தான் அவளை அங்கேயே நிறுத்தியது.

“அம்மாகிட்ட சொல்லிடுறேன் பெரியம்மா.”

“வேண்டாம். அவ தாங்க மாட்டா.”

சொல்லி அழுது தீர்க்கவும் வழி இல்லாமல் போயிற்று. சின்னவள் ஊசியில் நீல நூலைக் கோத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு திரைக்குள் இரண்டு கையையும் விட்டாள். உள்ளே எதுவோ மெல்லத் திரும்பியது. குளிர்ந்த முதுகு விரலில் பட்டது.

பக்கத் தையலைப் பிரித்தாள். இரண்டு விரல் துணி வெளியே வந்தது. மறுபக்கமும் பிரித்தாள். வெட்டிய ஓரங்கள் நெருங்கி வந்து ஒன்றையொன்று தொட்டன. கழுத்திலிருந்து கோணல்மாணலாகத் தைத்துக்கொண்டே போனாள். ஈர மண் வாசனை மூக்கில் ஏறியது. அம்மா அங்கிருந்து, என்ன பண்ணுகிறாய் என்று கேட்டபோது, இதோ வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

கடைசித் தையல் போட்டு முடிச்சும் போட்டாள்.

“போதும்,” என்றது குரல்.

கண்ணைத் திறந்தாள். திரைக்குள் யாரும் இல்லை. கையில் ஊசி மட்டும் இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். அம்மா, மாமாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, பக்கத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல், பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து ஒருவர் உட்கார இடம் விட்டாள்.

பெஞ்சு முனகியது.

ஊசியிலிருந்து நீல நூல் தரையோடு போய், மேஜையைச் சுற்றி, அம்மாவுக்குப் பக்கத்து வெற்றிடத்தில் முடிந்தது. நூலை அறுக்க மறந்திருந்தாள். கத்தரிக்கோல் எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதைத் தொட அவளால் முடியவில்லை.

நூல் மெல்ல இறுகியது. அங்கே யாரோ சாய்ந்து வசதியாக உட்கார்ந்தார்கள்.