கடைசியாக வரவேண்டிய சிரிப்பு

உள்ளறையிலிருந்து கணவன் ஜெராட்டின் சிரிப்புச் சத்தம் கேட்டபோது செசீலியாவுக்குச் சந்தோசம் வரவில்லை. கைக்குழந்தையை மடியில் வைத்தபடி அப்படியே விறைத்துப்போனாள்.

தன் தம்பி, வாவியில் தோணி கவிழ்ந்து செத்ததிலிருந்து ஜெராட் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தான். குளிப்பில்லை, பேச்சில்லை. "இந்த மருந்து மெல்லத்தான் வேலை செய்யும். முதல்ல நித்திரை வரும், பிறகு பசிக்கும். சிரிப்பு கடைசியாத்தான் வரும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். மருந்து தொடங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவன் இன்னும் ஒழுங்காகத் தூங்கவுமில்லை, சாப்பிடவுமில்லை.

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. வாவிப் பக்கமிருந்து வந்த காற்றில் சேற்று வாடையும் அடுத்த வீட்டில் மீன் பொரிக்கிற மணமும் கலந்திருக்க, கூரைத் தகட்டில் தென்னோலை உரசுகிற சத்தத்துக்கு நடுவே அந்தச் சிரிப்பு, மூச்சுக்கு இடம் விடாமல், ஏறாமல் இறங்காமல் வந்துகொண்டேயிருந்தது.

கதவைத் தள்ளினாள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வாய் சிரித்தது. கண்களிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்னங்க, என்ன நடந்த?"

"தெரியா புள்ள. உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமுமில்ல. நிப்பாட்ட ஏலாம இருக்கு."

அவனுடைய தங்கை டினோஷாவுக்குப் போனில் கோல் எடுத்தாள். பக்கத்து ஒழுங்கையில்தான் அவள் வீடு. ஓடிவந்த டினோஷா தமையனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணா, விளையாடாதீங்க. பயமாயிருக்கு."

அவள் உதடு துடித்தது. கன்னம் இழுபட்டது. பிறகு அவளும் சிரிக்கத் தொடங்கினாள், அதே போல, மூச்சு விடாமல். கண்கள் மட்டும் செசீலியாவைக் கெஞ்சின.

"மச்சாள்... புள்ளையத் தூக்கிட்டு ஓடுங்க!"

ஓடினாள். முற்றம். படலை. வாவிக்கரை வீதி. தன் கன்னமும் இழுபடுவது தெரிந்தது. உதட்டைக் கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது. இழுப்பு நின்றது. பின்னால் சத்தம் தேய்ந்தது. அடங்கியது.

தப்பியாயிற்று.

வீதி விளக்கின் கீழ் நின்று, குழந்தையின் முகத்தை மூடியிருந்த துவாயை விலக்கினாள். இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கவே பழகாத குழந்தை. அழவில்லை. பயத்தில் அகன்ற கண்களால் அவளையே பார்த்தது.

கன்னம் இழுபட்டது.

பல் முளைக்காத வாய் மெல்லத் திறந்தது. அதற்குள்ளிருந்து, வளர்ந்த ஓர் ஆணின் குரலில், மூச்சுக்கு இடம் விடாமல், சிரிப்பு வந்தது.